இன்ஹேலரை லாக்கரில் வைக்காதீர்கள்! - வீசிங் உள்ள பிள்ளையோடு தீம் பார்க்கில் ஒரு நாள்

"சித்தி, எனக்கு வீசிங் இருக்குன்னு நாமளா சொன்னாதானே அவங்களுக்குத் தெரியும்? சொல்லாமலே போயிடலாமா?"

அக்கா மகன் போனில் இப்படிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கு ஒன்பது வயது. அந்த வாரம்தான் பள்ளியில் சென்னைக்கு ஒருநாள் டூர் அறிவித்திருந்தார்கள். காலையில் கிளம்பி, தீம் பார்க் பார்த்துவிட்டு இரவு திரும்ப வேண்டும். விருப்பப் படிவத்தில் 'உடல்நலப் பிரச்னை ஏதேனும்' என்ற கட்டத்தில் அக்கா நேர்மையாக 'ஆஸ்துமா' என்று எழுதினாள். மறுநாளே மிஸ்ஸிடமிருந்து போன். "எதுக்கும்மா ரிஸ்க்? இந்த வருஷம் விட்ருங்களேன்."

அந்த மிஸ் மீது எனக்குக் கோபமில்லை. அறுபது பிள்ளைகளை நான்கு பேர் அழைத்துப் போகும்போது அவர்களுக்கும் பயம் இருக்கும். ஆனால், அந்த ஒரு போன் காலில் பையன் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். உண்மையைச் சொன்னால் டூர் கிடையாது, மறைத்தால் போகலாம்!

அந்தப் பாடத்தை நானும் ஒருமுறை கற்றிருக்கிறேன். அதனால்தான் பயந்தேன்.

பூட்டிய லாக்கரும் இருபது நிமிடமும்

எங்கள் ஊர் குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் உப்பனாறு, இன்னொரு பக்கம் புகைபோக்கிகள். 1980-களில் தொழிற்பேட்டை வந்த பிறகு பிறந்தவள் நான். இரவில் காற்றில் வரும் வாடையை வைத்தே 'இன்னிக்கு முட்டை அழுகின நாத்தம்', 'இன்னிக்கு நெயில் பாலிஷ் வாடை' என்று சொல்லப் பழகியவர்கள் நாங்கள். 2004-ல் சுற்றியுள்ள கிராமத்து மக்களே கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த நேரத்தில் எந்த வாடை வருகிறது என்று எழுதி வைத்தார்கள். 2025-ம் ஆண்டு மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னோர் ஆலையில் ரசாயனக் கசிவு ஏற்பட்டு, கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பலர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு செய்திகளையும் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு வீசிங் வர எது காரணம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆஸ்துமாவுக்குப் பரம்பரை, தூசு, சளி, புகை எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், எங்கள் தெருவில் 'பஃப் அடிக்கிற பிள்ளை' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு சகஜம்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் டூர் வந்தது. சொன்னால் விடமாட்டார்கள் என்று படிவத்தில் 'இல்லை' என்று நானே எழுதினேன். அம்மா நீல நிற இன்ஹேலரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். பார்க்குக்குள் நுழைந்ததும் பைகள் எல்லாம் லாக்கருக்குள் போயின. சாவி மிஸ்ஸிடம். மதியம் ரெயின் டான்ஸ். தண்ணீர், பாட்டு, ஆட்டம், நடுவில் மெஷினிலிருந்து வரும் புகை. பத்தே நிமிடத்தில் நெஞ்சு இறுகியது. தோழி சாவி கேட்டு ஓடினாள். மிஸ் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். லாக்கர் மறுகோடியில். இன்ஹேலர் என் கைக்கு வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் ஒரு சிமென்ட் பெஞ்சில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று என்னை ஆபத்தில் தள்ளியது ரைடு அல்ல. சொல்லாமல் போனதும், மருந்தைப் பூட்டி வைத்ததும்தான்.

"சொல்லிட்டே போலாம்டா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

முதல் டிக்கெட் டாக்டரிடம்

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவனை டாக்டரிடம் காட்டினோம். அவர் பார்க்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ராத்திரி இருமி எழுந்திரிக்கிறானா? நீல பஃப் வாரத்துக்கு எத்தனை தடவை தேவைப்படுது? விளையாடும்போது பாதியில உட்கார்ந்துடுறானா?" இந்த மூன்றைத்தான் கேட்டார். இரவில் விழிப்பு வந்தாலோ, உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் டூரைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

இங்கே ஒரு விஷயம். நம்மில் பலர் நீல பஃப்பை மட்டும்தான் மருந்து என்று நினைக்கிறோம். அது சுருங்கிய மூச்சுக்குழாயைத் தற்காலிகமாக விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது, தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். நீல பஃப்பை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி நெறிமுறையின் அறிவுரை. 'ஸ்டீராய்டு'ன்னு பயந்து டூர் நெருங்கும்போது அதை நிறுத்துவதுதான் பெரிய தப்பு.

டாக்டரிடம் இரண்டு தாள்கள் வாங்கினோம். ஒன்று, இந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, இந்த மருந்துகளையும் ஸ்பேசரையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற கடிதம். இன்னொன்று, மூச்சு இறுகினால் என்ன, எத்தனை, எப்போது என்ற செயல்திட்டம். போனில் போட்டோ எடுத்தும் வைத்துக்கொண்டோம்.

கூடவே ஒரு பீக் ஃப்ளோ மீட்டர். வேகமாக ஊதினால் ஊசி நகர்ந்து ஓர் எண் காட்டும் சின்ன பிளாஸ்டிக் குழாய்தான் அது. நன்றாக இருக்கும் நாளில் அவனுடைய உச்ச அளவு 210. அதில் 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், நிதானிக்க வேண்டும். 50-க்குக் கீழே சிவப்பு, உடனே மருந்து, ஆஸ்பத்திரி. கணக்குப் போட்டு '168' என்ற எண்ணை என் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழே போனால் எந்த ரைடும் கிடையாது.

எந்த பார்க், எந்த நாள்?

எங்கள் அம்மா காலத்தில் 'டூர்' என்றால் ஈ.சி.ஆர் கடற்கரைப் பூங்காக்கள்தான். 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது. பிறகு பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட். இப்போது 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது. கடலூரிலிருந்து புதுச்சேரி, மரக்காணம், மாமல்லபுரம் வழியாகப் போகிறவர்களுக்கு இவற்றில் பலவும் ஒருநாள் தூரம்தான்.

நாங்கள் ஜனவரியில் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். வார நாளில் கூட்டம் குறைவு, வரிசையில் வெயிலில் நிற்கும் நேரமும் குறைவு. பனி அதிகமுள்ள விடியற்காலையைத் தவிர்த்து ஆறரைக்குக் கிளம்பினோம். மாமா ஏற்பாடு செய்த வாடகை கார். கோடை விடுமுறையில் போகிறவர்கள் கத்திரி வெயிலைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். மூடிய காருக்குள் இன்ஹேலரை விட்டுப் போகாதீர்கள். அழுத்தம் நிறைந்த அந்தச் சின்ன உருளையைப் பொதுவாக 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதிக சூட்டில் வெடிக்கவும் கூடும்.

வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி அண்ணன், ஸ்பேசரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான். "அங்கிள், எனக்கு வீசிங். இது என் மருந்து. லாக்கர்ல வைக்க மாட்டேன்." அவர் சிரித்துவிட்டு, "வைக்காத தம்பி, கழுத்துலயே மாட்டிக்க" என்றார்.

உள்ளே போனதும் முதல் வேலையாக முதலுதவி அறையைத் தேடிப் போனோம். அங்கிருந்த நர்ஸ் அக்காவிடம் மூன்று கேள்விகள். ஆக்சிஜன் இருக்கா? நெபுலைசர் இருக்கா? ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியா வரும்? ஆக்சிஜன் இருந்தது, நெபுலைசர் இல்லை. தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. சுற்றுலா வந்த இடத்தில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல சித்தி!"

ஒவ்வொரு ரைடுக்கு முன்னாலும் ஒரு போர்டு இருக்கும். உயரம், எடை, இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பிணிகள் என்று. யாரும் படிப்பதில்லை. அன்று அவன் ஒவ்வொன்றையும் வரிவிடாமல் படித்தான். ஒரு போர்டில் 'ஆஸ்துமா' என்று இருந்தது. என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். "சரி, அடுத்தது" என்று நடந்தான். எச்சரிக்கைப் பலகையில் நம் நோயின் பெயர் இருந்தால் அதோடு பேரம் பேசக் கூடாது என்று வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டிருந்தோம்.

பன்னிரண்டு மணிக்குள் குட்டி ரோலர் கோஸ்டர், டாஷிங் கார், ரயில் முடிந்தது. ஊதிப் பார்த்தால் 195. பச்சை. மதியம் வேவ் பூல். முக்கால் மணி நேரம் கத்தலும் சிரிப்பும் ஓட்டமும். வெளியே வந்தவன் முகம் முழுக்கச் சந்தோஷம்.

"மூச்சு எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல சித்தி. இன்னொரு ரவுண்டு?"

ஊதச் சொன்னேன். 160. மீண்டும் ஊதினான். 155.

அவன் பொய் சொல்லவில்லை. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சைமன் ரீட்வெல்டும் இல்யா வான் பீஸ்ட்டும் கடும் ஆஸ்துமா உள்ள இளம்பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றிப் பரிசோதித்தார்கள். ஏறுவதற்கு முன் பதற்றத்தில் இருந்தபோது மூச்சுத்திணறலை அதிகமாக உணர்ந்தவர்கள், இறங்கியபோது உற்சாகத்தில் அதைக் குறைவாக உணர்ந்தார்கள். ஆனால், அந்த நேரத்தில் அவர்களின் நுரையீரல் செயல்பாடு உண்மையில் குறைந்திருந்தது. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் 'இக்நோபல்' பரிசு 2010-ல் இதற்குக் கிடைத்தது. படித்தபோது நானும் சிரித்தேன். 155-ஐப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை. சந்தோஷத்தில் இருக்கும் பிள்ளையிடம் 'எப்படி இருக்கு' என்று கேட்டு மட்டும் முடிவெடுக்கக் கூடாது. எண்ணைப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா, கழுத்துக் குழியும் விலா எலும்பு இடுக்கும் உள்வாங்குகிறதா என்று பாருங்கள்.

நிழலில் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக மருந்து கொடுத்தோம். ஈரத் துணியை மாற்றினோம். அக்கா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவனோ பூலையே பார்த்துக்கொண்டு உர்ரென்று இருந்தான். நாற்பது நிமிடம் கழித்து 190. அதற்குப் பிறகு தண்ணீர் பக்கம் போகவில்லை. ஜெயன்ட் வீல், பொம்மலாட்டம், ஐஸ்க்ரீம். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மரக்காணம் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

வீசிங் உள்ளவர்கள் கவனிக்க...

* நீச்சல் குளத்தில் 'குளோரின் வாடை' என்று நாம் சொல்வது, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உருவாகும் குளோரமைன். மூச்சுக்குழாயை உறுத்தும். வாடை தூக்கலாக இருந்தால் இறங்க வேண்டாம். குளித்துவிட்டுக் குளத்தில் இறங்குவது எல்லோருக்கும் நல்லது.
* பேய் வீடு, ரெயின் டான்ஸ் போன்ற இடங்களில் புகை மெஷின் உண்டா என்று முன்பே கேளுங்கள். ஸ்னோ பார்க்கின் குளிர்ந்த, வறண்ட காற்றும் சிலருக்கு இழுப்பைத் தூண்டும்.
* ஓடி ஆடுவதற்கு முன் பஃப் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.
* தலைவலி என்று கடையில் கிடைக்கும் மாத்திரையைப் போடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.
* டாக்டரின் செயல்திட்டம் கையில் இல்லாத அவசரத்துக்கு ஆஸ்திரேலியாவில் சொல்லித்தரும் '4-4-4' நினைவில் இருக்கட்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, நீல இன்ஹேலர் 4 பஃப், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பஃப்புக்கும் ஸ்பேசர் வழியாக 4 மூச்சு. 4 நிமிடம் காத்திருந்து மீண்டும் ஒருமுறை. அப்போதும் சரியாகவில்லை என்றால் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்கள். படுக்க வைக்காதீர்கள்.

மற்ற நோய்கள் இருந்தால்?

டைப் 1 சர்க்கரை: ஓட்டமும் வெயிலும் இன்சுலினின் வேகத்தைக் கூட்டும், சர்க்கரை சட்டென இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. நிலையான அளவுக்கு வந்த பிறகுதான் ரைடு. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெயில் படாமல் வைத்திருங்கள். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். வெளி உணவுக்குத் தடை உள்ள பார்க்கில் டாக்டர் கடிதம் கைகொடுக்கும். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் வேகமான ரைடுகளில் அதைக் கழற்ற வேண்டுமா என்று தயாரிப்பு நிறுவனத்தின் குறிப்பைப் பாருங்கள்.

இதயம், ரத்த அழுத்தம்: ஜெர்மனியின் மான்ஹைம் மருத்துவர்கள் 55 பேரை ஒரு பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற்றி இதயத் துடிப்பை அளந்து, 2007-ல் வெளியிட்டார்கள். சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 91-லிருந்து 153-க்கு எகிறியது. ஆரோக்கியமானவருக்கு இது த்ரில். இதய நோயாளிக்கு அப்படியல்ல. பேரனுக்குத் துணையாக ஏறும் தாத்தாக்கள் யோசிக்கவும்.

வலிப்பு: மின்னும் விளக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். தூக்கம் கெடுவதும், மாத்திரை தவறுவதும் அதைவிட சகஜமான காரணங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து காலையில் நேராக பார்க்குக்குள் போகாதீர்கள். தண்ணீரில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிக்கிள் செல்: நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அதிகம் காணப்படும் ரத்த நோய் இது. உடலில் நீர் வற்றுவதும், குளிர்ந்த நீரில் நெடுநேரம் இருப்பதும் கடும் வலியைத் தூண்டும். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், நனைந்ததும் துவட்ட வேண்டும்.

மூன்று மணி நேரம் மேலேயே நின்றால்?

2025 மே மாதக் கடைசியில் ஈ.சி.ஆரில் ஒரு பார்க்கில் ராட்சத ரைடு பாதியில் நின்றது நினைவிருக்கிறதா? குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் சுமார் மூன்று மணி நேரம் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புத் துறையினர் உயர ஏணி வண்டியோடு வந்துதான் இறக்கினார்கள். அந்தச் செய்தியை டெஸ்க்கில் எழுதும்போது எனக்கு ஒரே யோசனைதான். அவர்களில் ஒருவரின் இன்ஹேலர் கீழே லாக்கரில் இருந்திருந்தால்? ஒருவருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தால்?

ஜிப் வைத்த, தண்ணீர் புகாத இடுப்புப் பை ஒன்று வாங்குங்கள். அதில் இன்ஹேலர் அல்லது குளுக்கோஸ், நோயின் பெயரும் உறவினர் எண்ணும் எழுதிய அட்டை. வேகமான ரைடில் பை கூடாது என்று ஆபரேட்டர் சொன்னால் வாதாட வேண்டாம். கீழே நிற்கும் பெரியவர் கையில் கொடுங்கள், அவர் அங்கேயே நிற்கட்டும். மருந்தைப் பிரிந்து இருக்கவே முடியாத நிலையில் உள்ளவருக்கு அந்த ரைடு வேண்டாம்.

பள்ளிகளுக்கு ஒரு கோரிக்கை

'உடல்நலப் பிரச்னை ஏதேனும்' என்று கேட்பது நல்லதுதான். ஆனால், பதில் வந்ததும் பெயரை அடிப்பதற்காக அந்தக் கட்டம் இருந்தால், அடுத்த வருடம் எல்லாப் பெற்றோரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். பிள்ளைகளும் எழுதக் கற்றுக்கொள்வார்கள். நான் எழுதியதைப்போல. அப்போது பஸ்ஸில் உங்களோடு வரும் எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று உங்களுக்கே தெரியாது. அதற்குப் பதிலாக டாக்டர் கடிதம் கேளுங்கள். ஒரு பெற்றோரை உடன் வரச் சொல்லுங்கள். மருந்து அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும், இன்னொன்று ஆசிரியரிடம் இருக்கட்டும்.

ஊர் திரும்பிய மறுவாரம் அக்கா அந்தச் செயல்திட்டத்தையும் டாக்டர் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்பேசர் எப்படிப் போடணும்னு எனக்கு ஒருதடவை காட்டுறீங்களா?" என்று கேட்டாராம். அக்கா காட்டவில்லை. பையன் காட்டினான்.

அடுத்த டூருக்குப் படிவம் வரும்போது 'ஆஸ்துமா' என்று தானே எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.